மூத்த றொக் குழுக்களும் புதிய அல்பமும்

றொக் குழு ஒன்றின் வரலாற்றை அதன் அல்பங்களின் வரிசையில் வைத்துச் சொல்வதே அந்த மரபின் வழக்கம். 1948இல் வந்த நீண்டநேர இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. 1960களின் நடுப்பகுதியில் குழுக்கள் அந்த இடத்தை ஒரே படைப்பாக நினைத்து நிரப்பத் தொடங்கின. இன்று மூத்த குழுக்களின் வருமானம் பெரும்பாலும் மேடையில்தான். அங்கே கூடுவோர் கேட்பதும் பழைய பாட்டுகளையே. அப்படியிருந்தும் எழுபது, எண்பது வயதில் கலையகத்துக்குள் போகிறார்கள். அங்கே பிறக்கும் அல்பத்தை மூன்று கேள்விகளால் நிறுக்கலாம். பாட்டு புதியதா? வாசிப்பவர்கள் யார்? அவர்கள் சேர்ந்து வாசிக்கிறார்களா? மூன்றாவது கேள்வியே கடினமானது. விமர்சகர்கள் மிகக் குறைவாகக் கேட்பதும் அதுதான்.

லண்டனில் 1962இல் தொடங்கிய றோலிங் ஸ்டோன்ஸ் 2005க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளுடன் அல்பம் வெளியிட 18 ஆண்டுகள் எடுத்தது. இடையில் 2016இல் வந்தது முழுக்க முழுக்கப் பழைய புளூஸ் பாட்டுகளின் தொகுப்பு. 2023 ஒக்டோபரில் ‘ஹக்னி டயமண்ட்ஸ்’ வந்தபோது மிக் ஜாகருக்கு வயது 80. ட்ரம் வாசித்த சார்லி வாட்ஸ் 2021இல் இறந்திருந்தார். அவர் முன்பே பதிவுசெய்திருந்த வாசிப்பு இரண்டு பாட்டுகளில் ஒலிக்கிறது. கடைசிப் பாட்டில் ஜாகரும் கீத் றிச்சர்ட்ஸும் மட்டுமே. அது மடி வோட்டர்ஸ் 1950இல் பாடியது. குழு பெயர் எடுத்துக்கொண்டதும் அதிலிருந்துதான்.

ஏசி/டிசியின் வழி குடும்ப வழி. மல்கம் யங் 2017இல் மறைந்தபின், அவரும் தம்பி அங்கஸும் சேர்ந்து வைத்திருந்த கிற்றார் மெட்டுகளைக் கொண்டே 2020இன் ‘பவர் அப்’ உருவானது; மல்கமின் இடத்தில் வாசித்தவர் அவரது அண்ணன் மகன். டீப் பேர்ப்பிளிலோ 1968 முதல் எல்லா அல்பங்களிலும் இருப்பவர் ட்ரம் வாசிக்கும் இயன் பேஸ் ஒருவரே. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் இரசிகர்கள் குழுவுக்கு ஓர் இலக்கம் கொடுத்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

தென்னாசியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1990இல் டில்லியில் உருவான இந்தியன் ஓஷன். 2000இல் வந்த ‘கண்டீசா’ அல்பத்தின் பெயர்ப்பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாட்டு. தபேலா வாசித்தபடியே பாடிய அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் இறந்தார். அவரது இடத்தை நிரப்பக் குரலுக்கு ஒருவர், தபேலாவுக்கு ஒருவர் என இருவர் தேவைப்பட்டனர். 2013இல் கிற்றார் கலைஞர் சுஷ்மித் சென்னும் விலகினார். அடுத்த ஆண்டில் வந்த ‘தந்தானு’வில் கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ், வயலின் குமரேஷ் உள்ளிட்ட விருந்தாளிகள் நிறைந்திருந்தனர். கேட்க இனிமையான அல்பம்தான். ஆனால் வீட்டார் யார் என்பதை விருந்து மறைத்துவிட்டது. வீட்டார் யார் என்ற கேள்விக்குப் பதில் சொன்னது 2023இன் ‘தூ ஹை’ அல்பம்.

இலங்கையில் அல்பக் கணக்கு எடுபடவில்லை. பைலாவையும் கிற்றாரையும் கலந்த ஜிப்சீஸ் குழு, 2021இல் அதன் பாடகர் சுனில் பெரேரா மறைந்த பிறகும் தம்பி பியல் தலைமையில் மேடை ஏறுகிறது. தமிழ்ப் பொப் பாடகர்களோ தனிப்பாட்டாலேயே நினைவில் நிற்கிறார்கள். நித்தி கனகரத்தினம் என்றால் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரன் என்றால் ‘சுராங்கனி’. அந்தப் பாட்டுகள் எந்த அல்பத்தில் இருந்தன என்று கிழக்கிலங்கையின் கல்முனையிலும் எவரும் கேட்பதில்லை. வானொலியில் கேட்டதே போதும்.

கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோர முஸ்லிம் ஊர்களில் குழுப்பாட்டுக்கு வேறொரு அளவுகோல் உண்டு. பொல்லடியில் அண்ணாவியார் அடி எடுத்துக் கொடுக்க, வட்டமாக நிற்போர் பொல்லுகளைத் தட்டிக்கொண்டே அதை வாங்கிப் பாடுவர். பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பைத்துப் பாடுவர். இவற்றில் முன்னது கல்யாணத்துக்கும் வரவேற்புக்கும் உரியது. பின்னது கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் போன்ற கந்தூரிகளுக்கு. மார்க்கச் சீர்திருத்தக் குரல்கள் வலுத்தபின் பின்னதற்கு எதிர்ப்பும் வலுத்தது. ஆள் மாறினாலும் ஊர்க்குழு ஊர்க்குழுவே. வரவேற்பு அடிகள் அவ்வப்போது புதிதாகக் கட்டப்படுவதால், புதுப்பாட்டு அங்கே அதிசயமும் அல்ல.

பொல்லடியைப் பதிவுசெய்யும்போதுதான் றொக் குழுக்களின் சிக்கல் இங்கும் தலைகாட்டும். வட்டத்தின் நடுவே ஒலிவாங்கி வைத்தால் பொல்லுச் சத்தம் குரலை அமுக்கிவிடும். குரலையும் பொல்லையும் தனித்தனியே பதிந்து பிறகு சேர்த்தால் சொல் தெளிவாகும். ஆனால் அண்ணாவியாரின் அடிக்கும் வட்டத்தின் பதிலுக்கும் இடையே உள்ள இழுபறி போய்விடும். பிளாக் சபத் தன் முதல் அல்பத்துக்கான வாசிப்பை 1969இல் ஒரே நாளில், பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து நின்று, முடித்தது. அதன் கரடுமுரடு இன்றும் காதில் படுகிறது. பொல்லடிக்கும் அந்த முறையே ஏற்றது: ஒலிவாங்கிகளைச் சற்று உயரே தொங்கவிட்டு, அண்ணாவியாருக்கு மட்டும் தனியாக ஒன்று கொடுத்து, ஆட்டம் முடியும்வரை நிறுத்தாமல் பதிவது.