தில்லித் தமிழ்ப் புனைகதையும் மதராசி முகாமும்

தமிழ்ப் புனைகதைக்குத் தில்லி புதிய களமன்று. இந்திரா பார்த்தசாரதியின் தந்திர பூமியும் சுதந்திர பூமியும் தலைநகரின் அதிகார அரசியலைப் பேசின. ஆதவனின் காகித மலர்கள் (1977) உயர் அதிகாரி ஒருவரின் குடும்பத்தை முன்வைத்து மேல்தட்டு வாழ்வின் போலிமைகளைத் தோலுரித்தது. தமிழ் வாசகர் மனத்தில் 'தில்லித் தமிழர்' என்னும் உருவம் பெரிதும் இத்தகைய படைப்புகளால் நிலைபெற்றது எனலாம். அவ்வுருவம் அரசுக் குடியிருப்பில் வாழ்வது, அலுவலகம் செல்வது, ஆங்கிலம் அறிந்தது. அதன் வீட்டில் பாத்திரம் துலக்கிய தமிழ்ப் பெண் எங்கு வாழ்ந்தாள் என்னும் வினா தில்லிப் புனைகதையில் அழுத்தம் பெறவில்லை.

அவள் வாழ்ந்த இடங்களுள் ஒன்று ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டி அமைந்திருந்த மதராசி முகாம். வீட்டுவேலை, துப்புரவு, கூலிவேலை எனப் பிழைப்புத் தேடி வந்த தமிழர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அங்குக் குடியிருந்தனர். தில்லி உயர்நீதிமன்றத்தின் 2025 மே மாத ஆணைப்படி அம்முகாம் 2025 சூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஆணையின்போது 370 குடும்பங்களுள் 189 மட்டுமே மாற்றுவீடு பெறத் தகுதியுடையன எனக் கணக்கிடப்பட்டிருந்தன. அவ்வீடுகளும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள நரேலாவில் ஒதுக்கப்பட்டன.

இதனை மேட்டுக்குடியாக்கம் எனலாமா? இக்கருத்தாக்கத்திற்கு 1964இல் பெயரிட்ட ரூத் கிளாஸ், இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் நடுத்தர வகுப்பினர் குடியேற, பழைய குடிகள் வெளியேற நேர்ந்ததைச் சுட்டினார். தில்லியில் வாடகை உயர்வு அவ்வேலையைச் செய்யவில்லை. வடிகாலும் சட்டமும் செய்தன. மழைநீர் தேங்குவதைத் தடுக்க வேண்டும் என்னும் காரணம் வெறும் சாக்கன்று. அதனைப் புறந்தள்ளும் திறனாய்வு நேர்மையுடையதாகாது. எனினும், தூய்மையாக்கப்பட்ட பகுதியில் எவர் எஞ்சுகிறார் என்று நோக்கின் இரு நகரங்களின் விளைவும் ஒன்றே. ஜங்புராவின் வீடுகளுக்கு அப்பெண்களின் உழைப்பு இன்றும் வேண்டும். அவர்தம் குடியிருப்பு மட்டும் வேண்டா.

இடப்பெயர்ச்சி மொழிக்கும் உரியது. முகாமின் பிள்ளைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளியில் பயின்றனர். 1923இல் வேர்கொண்ட அக்கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் ஒன்றும் நரேலாவில் இல்லை. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசி வளர்ந்த தலைமுறைக்குத் தமிழ் எழுத்து பள்ளி வழியாகவே வந்தது. வீடு கிடைத்தவருக்கும் அவ்வழி அடைபட்டது.

மாற்று இல்லாமலில்லை. தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கை, வாழுமிடத்திலேயே அல்லது 5 கி.மீ. எல்லைக்குள் குடியமர்த்துவதையே முதன்மைப்படுத்துகிறது. கல்காஜியில் 2022இல் இவ்வகையில் 3,024 அடுக்குவீடுகள் திறக்கப்பட்டன. ஆனால் அங்கும் தகுதிப் பட்டியலுக்கு வெளியே நின்றோரின் குடிசைகள் 2025 சூனில் இடிக்கப்பட்டன. ஆக, சிக்கல் கட்டடத்தில் மட்டுமன்று, எவரைக் குடியாக எண்ணுவது என்பதிலும் உள்ளது.

எண்ணுதல் தமிழ்க் காப்பிய மரபில் பழைய செயல். இளங்கோவடிகள் இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்தைப் பாடும்போது கூவியர், பரதவர், கொல்லர், தச்சர் என உழைப்போரைத் தொழில்பெயர் சொல்லியே நிரல்படுத்துகிறார். வேற்று நிலத்திலிருந்து வந்தோர்க்கும் அந்நிரலில் இடமுண்டு. சென்னையைக் களமாகக் கொண்ட புனைகதை இம்மரபை முற்றும் இழக்கவில்லை. ஜெயகாந்தனின் உன்னைப்போல் ஒருவன் முதல் தமிழ்ப்பிரபாவின் பேட்டை (2018) வரை அதன் தொடர்ச்சியைக் காணலாம். தில்லிப் புனைகதையோ பட்டினப்பாக்கத்தோடு நின்றுவிட்டது. ஆதவன் தம் வகுப்பின் பொய்மையை அறிந்த அளவு கூர்மையாக வேறெவரும் அறிந்திலர். அக்கூர்மையே அவர் பார்வைக்கு எல்லையும் வகுத்தது.

மதராசி முகாமின் பேச்சுத்தமிழ், அதன் கோயில் வழிபாடு, இந்தி கலந்த தொழிற்சொற்கள் ஆகியவை பற்றிய கள ஆய்வு இனி ஜங்புராவில் நிகழ இயலாது. நரேலாவிலும், மாற்றுவீடு பெறாதோர் சிதறிச் சென்ற வாடகை அறைகளிலும், ஊர் திரும்பியோரிடத்தும் அது நிகழ வேண்டும். அவ்வழக்கை நேரடியாக அறிந்த முதல் தலைமுறையினர் இப்போது முதுமை எய்தியுள்ளனர்.