ஹாரன் அடங்கட்டும்

"ஆளு பாட்ட மறந்துட்டாருப்பா." திருவொற்றியூர் டீக்கடையில் மறுநாள் காலை என் காதில் விழுந்த முதல் தீர்ப்பு இது. "மறக்கலண்ணா, மூச்சு போச்சு. வயசு ஆவுதுல்ல?" என்றார் பக்கத்தில் இருந்தவர். போனில் பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "இதே சீன் படத்துல அஞ்சு நிமிசம். இவங்க முக்கா மணி நேரம் இழுக்கிறாங்க." மூவரும் விடியவிடிய முன்வரிசையில் உட்கார்ந்து 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்தவர்கள். ஆட்டம் தெரியாதவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்ல முடியாது. ஆனாலும் மூவரும் அந்த இடத்தைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்பதே என் கட்சி. இந்த வாரம் முழுக்க அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். தினைப்புனமும் கவணும் ஆலோலமும் நாரதர் வருகையும் தெரியும். அதனால் நேராக வேலனாகிய முருகன் வேடன் கோலத்தில் நுழைந்த பிறகு வள்ளியோடு நடத்தும் தர்க்கத்துக்கே போகிறேன். வேலனாக நின்றவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ராஜபார்ட், கதாநாயக வேடக்காரர். பெயர் வேண்டாம். இந்த ஆடியில் நம் பக்கம் மூன்று இரவுகள் அவர் வேலன் கட்டினார்: திருவொற்றியூரில் ஒன்று, எண்ணூரில் ஒன்று, காசிமேட்டில் ஒன்று. மூன்றையும் பார்த்தேன். மூன்றிலும் என் கண் ஒரே முடிவின் மேல்தான் இருந்தது. தாளமில்லாத விருத்தம் முடிகிறது, பாட்டை எப்போது எடுப்பது?

திருவொற்றியூர் இரவைச் சொல்கிறேன். மேடைக்குப் பின்னால் ஒரு சந்து தள்ளி எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. விருத்தத்தின் கடைசி அடியை மேல் ஸ்தாயியில் நிறுத்திவிட்டு இறங்குகிறார். பெட்டிக்காரர் ஆர்மோனியத்தில் அடுத்த பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுத்துவிட்டார். மிருதங்கக்காரரின் வலது கை தோலுக்கு மேலே அரை முழம் தூக்கியபடி நிற்கிறது. வேலன் எடுக்கவில்லை. இடுப்பில் ஊன்றியிருந்த கையை மெல்ல எடுத்தார். வேலைத் தோளில் சாய்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு டிரெய்லர் நீளமாக ஹாரன் அடித்தது. அவர் தலையைச் சாய்த்து அந்தப் பக்கம் காது கொடுத்தார். மானைத் தேடி வந்த வேடன் காட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்டவன்போல நின்றான். ஹாரன் அடங்கியது. அடங்கிய பிறகும் ஒரு மூச்சு நேரம் விட்டார். பெட்டிக்காரர் மற்றக் கட்டைகளிலிருந்து விரலை எடுத்துவிட்டு சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டார். அதுவரை அடுத்த பதிலுக்குத் தயாராக முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்த வள்ளி திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் வேலன் அடிக்குரலில் பல்லவியை எடுத்தார். தூக்குவாளியோடு நடந்துகொண்டிருந்த டீக்காரப் பையன் நடுவழியிலேயே நின்றுவிட்டான்.

மறந்தவர் ஹாரனுக்குக் காது கொடுக்க மாட்டார், பெட்டிக்காரரைப் பார்ப்பார். மூச்சு வாங்குபவர் நின்ற இடத்தில் நிற்பார், வேலைத் தோள் மாற்ற மாட்டார். இவர் வாங்கியது வேறு. தெருச் சத்தத்தை வாங்கினார், எதிரே நிற்பவரின் கவனத்தை வாங்கினார், சுருதி மட்டும் மிஞ்சிய வெறுமையை வாங்கினார். மூன்றும் கைக்கு வந்த பிறகே பாட்டை வைத்தார். ராயபுரத்தில் கேரம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரைக்கரை வைத்த பிறகும் விரலைத் தட்டாமல் இருக்கிறவனைப் பார்த்து 'பயந்துட்டான்' என்று வேடிக்கை பார்ப்பவன் சொல்வான். பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் சொல்ல மாட்டான். குத்துச்சண்டையிலும் அப்படித்தான். எதிராளி மூச்சை வெளியே விடும் நேரத்துக்காகக் கையை நிறுத்தி வைத்திருப்பவனைச் சோம்பேறி என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த இந்த நாடகத்தின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். சாயங்காலம் வந்து முகத்தில் அரிதாரம் பூசும்போதுதான் சில நேரம் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பாடம் எல்லோருக்கும் தெரியும். எதிரே நிற்பவர் இன்றைக்கு எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் தர்க்கம் நிஜமான ஆட்டம். வேலன் எடுப்பைத் தள்ளிவைத்தால் வள்ளி தன் பதிலை மாற்ற வேண்டும், பெட்டிக்காரர் ராகத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், தாளக்கருவிகள் பலவற்றையும் வாசிக்கும் ஆல்ரவுண்டுக்காரர் குச்சியைக் கீழே வைக்க வேண்டும். ஒரு மனிதன் வாய் திறக்காமல் இருப்பதால் நாலு பேரின் ஆட்டம் மாறுகிறது.

இப்போது படத்துக்கு வருவோம். டீக்கடைத் தம்பி போனில் காட்டியது 1945இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீ வள்ளி'. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பெரும் வெற்றி பெற்ற படம் அது. ஆனால் படத்தைப் பார்க்கிறவர்கள் எப்போதும் குரலைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தக் குரல் அந்தக் குரலை மிஞ்சியதா, மேடைக்காரர் ஐந்து கட்டையில் பாடினாரா, படத்தில் எத்தனை கட்டை என்றே வாதம் போகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் காட்சியில் காலத்தைப் பிடித்திருந்தவர் யார்?

'ஸ்ரீ வள்ளி' எடுத்து முடித்த பிறகு நாயகியின் பாட்டுகளை வேறொரு பாடகியின் குரலில் பதிந்து படத்தோடு சேர்த்தார்கள். காதுக்கு இனிமை கூடியது உண்மை. ஆனால் அந்தப் பாடகி, திரையில் ஏற்கெனவே அசைந்து முடித்த உதடுகளுக்கு ஏற்பப் பாட வேண்டியிருந்தது. எங்கே எடுப்பது, எங்கே நிறுத்துவது என்ற முடிவு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. தர்க்கத்தில் எதிராளி பேச்சை நிறுத்தினால் தானும் நிறுத்திப் பார்க்கும் உரிமை அந்தக் குரலுக்கு இல்லாமல் போனது. நாடகம் படமானபோது நாம் இழந்தது இதைத்தான். கட்டையையோ ஸ்தாயியையோ இழக்கவில்லை.

ஆரம்பத்தில் இந்த இழப்பு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் நம் பக்கத்து கினிமா சென்ட்ரலில்தான் வெளியானது. படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது மக்கள் வால்டாக்ஸ் சாலையில் பூத்தூவி, தேங்காய் உடைத்து அதன் பின்னாலேயே நடந்தார்கள். நாடகக் கம்பெனிகள் வந்து இறங்கிய ஒற்றைவாடை கொட்டகை இருந்ததும் அதே வால்டாக்ஸ் சாலையில்தான். சுவாமிகள் 1922இலேயே காலமாகிவிட்டார். தன் பாட்டு படப்பெட்டிக்குள் போய் வருவதை அவர் பார்க்கவில்லை. 1933இல் 'வள்ளி திருமணம்' கல்கத்தாவில் படமானது. 1934இல் சுவாமிகளின் 'பவளக்கொடி' சென்னையிலேயே படமானது. ஐம்பது பாட்டுகள் கொண்ட படம். அந்நாளில் பாடியதை அப்போதே ஒலிப்பதிவு செய்தாக வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு, நடிகரின் எடுப்புக்காகக் காத்திருந்து வாசித்தார்கள். ஆக, காலம் அப்போது நடிகரின் கையில்தான் இருந்தது.

'பவளக்கொடி' படப்பிடிப்பைப் பற்றிய ஒரு செய்தி என்னை விடுவதே இல்லை. சூரிய வெளிச்சத்தில் திறந்தவெளியில் எடுத்த படம். சாப்பாட்டு மிச்சத்துக்கு வந்து கூடும் காக்கைகள் கரைந்து ஒலிப்பதிவைக் கெடுத்தன. அவற்றை விரட்டுவதற்கென்றே துப்பாக்கியோடு ஓர் ஆளை வைத்திருந்தார்கள். மேடையும் படமும் பிரிந்த இடம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. படத்துக்குக் காக்கை எதிரி. சுட்டு விரட்டியாக வேண்டும். திருவொற்றியூர் வேலனுக்கு டிரெய்லர் ஹாரன் எதிரியே இல்லை. அதைக் காட்டுச் சத்தமாக்கி வேடனின் காதுக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னொரு பக்கம் இசைத்தட்டும் இருந்தது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். நாடகத்தைத் தட்டுகளில் பதிந்து 'நாடக செட்டு' என்று வீடுவீடாகப் போனபோது முதலில் சுருங்கியது விருத்தம். அதற்கடுத்து வெட்டுப்பட்டது விருத்தத்துக்கும் பாட்டுக்கும் நடுவே இருந்த மௌனம். மௌனத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? படங்களும் அந்த மூன்று நிமிட அளவுக்கே பழகின. நம் காதும் பழகியது. டீக்கடைத் தம்பியின் 'இழுக்கிறாங்க' என்ற தீர்ப்பு அவர் தீர்ப்பே இல்லை. அந்தத் தட்டின் தீர்ப்பு மூன்று தலைமுறை தாண்டி அவர் வாயில் வருகிறது.

வெளிநாட்டிலும் இதே வழக்குத்தான். 'மை ஃபேர் லேடி' மேடையிலிருந்து 1964இல் படமானபோது நாயகியின் பாட்டுகளில் பெரும்பகுதி வேறொருவரின் குரல். நாயகனாக நடித்தவர் மட்டும் முன்கூட்டிப் பதிந்த பாட்டுக்கு வாயசைக்க ஒப்பவில்லை. ஆடைக்குள் கம்பியில்லா மைக்கை மறைத்துக்கொண்டு படப்பிடிப்பிலேயே பாடினார். ஒரு தடவை பாடியதுபோல மறுதடவை பாடாதவர் அவர்; நம் ராஜபார்ட் சாதி. 2012இல் 'லே மிசரபிள்' படமானபோது எல்லா நடிகர்களும் காமிரா முன்னாலேயே பாடினார்கள். ஒரு பியானோக்காரர் மறைவிலிருந்து வாசிக்க, நடிகரின் காதுக்குள் அது கேட்டது. நடிகர் நிறுத்தினால் பியானோ நிறுத்தும். முழு வாத்தியக்குழுவை அதன் பிறகே சேர்த்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களும் குரலைப் பற்றியே சண்டை போட்டார்கள். எனக்கோ பெட்டிக்காரர்தான் நினைவுக்கு வந்தார். வேலனின் முதுகைப் பார்த்துக்கொண்டே கட்டையில் விரல் வைத்திருக்கும் அந்த மனிதரின் வேலையைத்தான் அந்தப் பியானோக்காரர் செய்தார்.

மேடையை அப்படியே எடுத்துப் போட்டால் படமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இப்போது ஊர் ஊராக நாடகத்தை முழு இரவும் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் எண்ணூர் இரவின் வீடியோவைப் பாருங்கள். வேலன் எடுப்பை நிறுத்திவைத்த அதே நேரம் காமிரா திரும்பி சீரியல் விளக்கையும் கூட்டத்தையும் காட்டுகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிட்டார் படம் எடுத்தவர். அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய காரியம் அதுதான். காசிமேட்டில் ஹாரன் இல்லை. கடற்காற்றில் மைக் இரைந்தது. அங்கே வேலன் காத்திருக்கவே இல்லை. விருத்தத்தின் கடைசி எழுத்து அடங்கும் முன்பே பாட்டுக்குள் இறங்கிவிட்டார், வள்ளி திணறிப்போனார். காற்று அவருக்கு மௌனம் தராது என்று தெரிந்ததும் வேகத்தைத் தந்தார். மூன்று இரவு, மூன்று விதமான முடிவு. மறதிக்காரர் செய்யும் வேலையா இது?

இனி வரப்போவதைச் சொல்கிறேன். சுவாமிகளின் நாடகம் ஒன்று சில வருடங்களுக்குள் மறுபடியும் படமாகும். பாட்டைக் காமிரா முன்னாலேயே பதிவார்கள். அதற்கான கருவிகள் இப்போது எல்லோர் கைக்கும் எட்டிவிட்டன. நட்சத்திரம் ஒருவரைப் போட்டுப் பார்த்து, விருத்தத்திலேயே சிக்கி, கடைசியில் மேடைக்காரர் ஒருவரைக் கூட்டிவருவார்கள். நடிகரோடு பெட்டிக்காரரையும் சேர்த்துக் கூட்டிவந்தால் அந்தப் படம் பிழைக்கும். நடிகரை மட்டும் கொண்டுவந்து, தாளக் கணக்கைத் தட்டும் கிளிக் சத்தத்தைக் காதில் வைத்துப் பாடச் சொன்னால் முதல் நாளே படுத்துவிடும். வெளியாகும் அன்று சாயங்காலம் தியேட்டர் வாசலில் நீங்கள் கேட்கப்போகும் முதல் வார்த்தையும் எனக்குத் தெரியும்: 'இழுவை.' பொறுத்திருங்கள். இரண்டாவது வாரம் அதே ஆட்கள் அந்த இடத்துக்காகவே திரும்பி வருவார்கள்.

நம் வேலனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆடியில் திருவொற்றியூருக்கு அவரைத்தான் மறுபடி அழைப்பார்கள். அவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காத்திருப்பார். ஏதோ ஓர் இரவு அந்தக் கணக்கு தப்பும். அவர் பல்லவியை எடுக்கும்போதே அடுத்த டிரெய்லர் ஹாரன் அடிக்கும், பாட்டு சிதறும், முன்வரிசையில் சிரிப்பு எழும். எடுப்பைத் தள்ளிவைக்கிற ஆட்டக்காரனுக்கு அந்தத் தோல்வியும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். மறுநாள் காலை டீக்கடையில் யாராவது 'மறந்துட்டாரு' என்று ஆரம்பித்தால், அந்தத் தூக்குவாளிப் பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்த வருடம் அவன் நடுவழியில் நின்றது எதற்காக என்று அவன் சொல்வான்.