கையொப்பத்தோடு நின்றுவிடும் எழுத்தறிவு

எழுத்தறிவு பற்றிய பேச்சு நம் நாட்டில் பெரும்பாலும் ஒரு வீதத்தைச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பத்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோரில் 95 வீதத்துக்கும் அதிகமானோர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் அது. சந்தோசம்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்களுக்கு என்ன வகுப்பு நடக்கிறது, என்ன புத்தகம் கொடுக்கப்படுகிறது என்பதை நாம் விமர்சனத்துக்கு எடுப்பதே இல்லை. நாவலுக்கும் கவிதைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு வளர்ந்த பெண் தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கையில் எடுக்கும் தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதியிருக்கிறோமா? இக்கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியது.

முதலில் அந்தப் பெண் யார் என்பதைச் சொல்லவேண்டும். மாங்கேணியில் எழுத்துத் தெரியாதவர்கள் என்றால் கிழவிகள் மட்டும்தான் என்று வெளியூரார் நினைக்கிறார்கள். அப்படியில்லை, என் வயதுக்காரிகளும் இருக்கிறார்கள். 1990இல் கிழக்கு முஸ்லிம் ஊர்கள் சிதறியபோது எட்டு வயதாக இருந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் பதினான்கு வயது வரை பாடசாலைக்குப் போவது கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. சட்டம் அவளைக் கடந்து போய்விட்டது. பிறகு 2004இல் சுனாமி, 2006–07இல் வாகரைப் பக்கத்துச் சண்டை, மறுபடியும் இடப்பெயர்வு. 1991இல் நாட்டில் குடிசன மதிப்பீடே எடுக்கப்படவில்லை. 2001இல் எடுத்தபோது மட்டக்களப்பில் அது முழுமையாக நடைபெறவில்லை. ஆக 1981க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் குடிசன மதிப்பீடு முழுமையாக நடந்தது 2012இல்தான். தோணியும் வலையும் இறாலுமாக வாழும் ஊரில் ஒரு தலைமுறை எழுத்தில்லாமல் வளர்ந்ததை முப்பது வருசமாக எந்தக் குடிசன மதிப்பீடும் காட்டவில்லை.

இந்தப் பெண்களிடம் "எழுத வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் வருகிற மறுமொழி ஒன்றேதான். "ஓதத் தெரியும் டீச்சர், எழுத்துத் தெரியா." விமர்சனம் தொடங்கவேண்டிய இடம் இந்த வசனம் என்று நான் கருதுகிறேன். குடிசன மதிப்பீடு கேட்பது சிங்களம், தமிழ், ஆங்கிலம் தெரியுமா என்று. ஓதல் அதில் சேராது. சேர்க்கவேண்டும் என்று நான் வாதிடவும் மாட்டேன். தன் அன்றாட வாழ்வு பற்றிய சிறு கூற்றொன்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவுள்ளவர் என்று யுனெஸ்கோ 1958இல் வரையறுத்தது. 'விளங்கி' என்ற சொல் அதில் முக்கியம். பொருள் தெரியாமல் ஓதுவதை வணக்கமாகக் கொள்ளலாம். வாசிப்பாகக் கொள்ள முடியாது. பரிசளிப்பு விழாக்களில் 'இக்ரஃ' பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, நம்மட பொம்பிளைகளுக்கு ஓதத் தெரியும்தானே என்று ஆறுதல்படுவது சமூகத்தின் பக்கமுள்ள பிழை.

அரசாங்கத்தின் முறைசாராக் கல்வி வகுப்புகளிலும் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளிலும் உள்ள பிழை இதற்கு நேர்மாறானது. ஓதத் தெரிந்த பெண்ணை வெற்றுச் சிலேட்டாக அவை எண்ணுகின்றன. என் கைக்கு வந்த வாசிப்பு நூல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அ–அம்மா, ஆ–ஆடு, பக்கத்தில் படம். பிறகு உயிர்மெய் வரிசை, 247 எழுத்துகளும் ஒழுங்காக. நடுநடுவே கைகழுவு, பல்துலக்கு என்ற புத்திமதி. ஐந்து பிள்ளை பெற்று, இரண்டு தரம் அகதி முகாமில் சமைத்து, வீட்டை நிமிர்த்தியவளுக்குக் கைகழுவச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் அது. எழுத்தில் சிறுபிள்ளையாக இருப்பவளை வாழ்க்கையிலும் சிறுபிள்ளையாக்கிவிடுகிறது. இரண்டாம் கிழமையில் ராத்தாமார் வராமல் போவதற்கு "ஆர்வமில்லை" என்று அறிக்கையில் காரணம் எழுதுகிறார்கள். புத்தகத்தின்மீது குற்றம் எழுதினதை நான் கண்டதில்லை.

அந்தப் பெண்ணுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்று பாருங்கள். எழுத்து என்பது ஓசையின் குறி என்று தெரியும். ஒரே எழுத்து பத்ஹா, கஸ்ரா, ழம்மா ஏறும்போது மூன்று விதமாக ஒலிக்கும் என்று தெரியும். அப்படியானால் க, கி, கு அவளுக்குப் பழைய பாடம். குறிகள் மட்டும்தான் புதிது. ஸுகூன் விழுந்த எழுத்தில் உயிரோசை நின்றுவிடும் என்பதை ஓதப்பள்ளியிலேயே படித்தவளுக்குத் தமிழ்ப் புள்ளியை விளங்கப்படுத்த ஐந்து நிமிசம் போதும். அஸருக்குப் பிறகு நடத்திய வகுப்பில் இதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். "இது நம்மட ஸுகூன்தானே மகள்" என்று ஒரு உம்மா சொன்னதற்குப் பிறகு மெய்யெழுத்துக்கு நான் வேறு விளக்கம் தேடவில்லை. அவர்கள் தடுமாறுவது வலமிருந்து இடமாகப் போய்ப் பழகின கண்ணை மாற்றுவதில். எந்த வாசிப்பு நூலும் அதற்கு ஒரு பயிற்சிகூடத் தரவில்லை.

இந்தப் பாலத்தை நம் முன்னோர் ஒருமுறை கட்டியிருந்தார்கள் என்பதை இவ்விதழின் வாசகருக்கு நினைவூட்டத் தேவையில்லை. அரபு எழுத்தோடு சில குறிகளைச் சேர்த்துத் தமிழ் எழுதிய அறபுத்தமிழைத்தான் சொல்கிறேன். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய 'மகானி' போன்ற நூல்கள் கடல் கடந்து இலங்கை வீடுகளிலும் புழங்கின. அறபுத்தமிழை ஆராய்ச்சிப் பொருளாக நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அது ஒரு வளர்ந்தோர் கல்வி முறை என்ற கண்ணோட்டம் அந்தப் பேச்சில் குறைவு. தெரிந்த எழுத்தைக் கொண்டு விளங்கும் மொழியை வாசிக்கவைத்தது அதன் சாதனை. அதை மீட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது என் கோரிக்கையல்ல; பிரதேச செயலகக் கடிதம் தமிழெழுத்தில்தான் வரும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் அந்த வழியை வகுப்பறைக்குள் எடுக்கவேண்டும் என்பதே கோரிக்கை.

பிரேசிலில் பாவுலோ பிரேரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணித்தியாலத்தில் எழுத்தறிவு கொடுத்தது இதே தத்துவத்தில்தான். அரிச்சுவடி வரிசையை விட்டுவிட்டு, அந்த மக்களின் தொழிலிலும் துன்பத்திலும் இருந்த சொற்களை எடுத்தார். மாங்கேணிக்கு அப்படிச் சொல் தேடினால் தூரம் போகத் தேவையில்லை. க, ட, ப, ல், ன், ப் என்ற ஆறு எழுத்துகளைக் கொடுங்கள். கடல், கடன், பகல், கல், கப்பல் எல்லாம் முதல் நாளே வாசிக்கலாம். கடல், கடன் இரண்டையும் பலகையில் எழுதிவிட்டால் பிறகு டீச்சர் பேசத் தேவையில்லை, அவர்களே பேசுவார்கள்.

கடன் என்று வேண்டுமென்றே சொன்னேன். வளர்ந்தோர் வகுப்பு பல இடங்களில் கையொப்பம் வைக்கப் பழக்கிவிட்டுச் சான்றிதழ் கொடுத்து முடிகிறது. பெருவிரல் அடையாளம் வைத்தவள் இப்போது ஒப்பம் வைக்கிறாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. போருக்குப் பிறகு கிழக்கில் கிழமைத் தவணை நுண்கடன் வீடு வீடாக வந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முடிவெடுக்கவேண்டிய அளவுக்கு நிலைமை போனது. வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, பிணை நின்றவளுக்கு என்ன பொறுப்பு என்று வாசிக்கத் தெரியாமல் ஒப்பம் மட்டும் வைக்கத் தெரிந்தவளை, கைநாட்டுக்காரியைவிட இலகுவாக மாட்டிவைக்கலாம். கைநாட்டு வைக்கிறவளுக்கு யாராவது வாசித்துக் காட்டவேண்டும் என்ற வெட்கமாவது எதிரே இருப்பவருக்கு இருக்கும். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. அது வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அந்த ஒப்பம் வரும் நாளில், வைக்கிறவள் பத்திரத்தை வாசித்துவிட்டு வைக்கவேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்கவேண்டும்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் 1991இல் தொடங்கியபோது எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குப் பழக்கினார்கள். கல் உடைக்கும் கூலிப் பெண்கள் குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தவும் அந்த எழுச்சி துணை நின்றது. அங்கே எழுத்து ஒரு தேவையோடு வந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக 1991 ஏப்ரல் 18இல் கோழிக்கோட்டில் அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புறத்து முஸ்லிம் பெண். முதுமையை நெருங்கிய பிறகு எழுத்துப் படித்தவர். அறபு மலையாளம் புழங்கிய மண் அது. அங்கே அறிவிப்போடு நிறுத்தவில்லை. நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்புகளை வளர்ந்தோருக்கு ஒழுங்குபடுத்தினார்கள். நமது வகுப்புகளுக்கு அடுத்த படி கிடையாது. ஆறு மாதம் வாசிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் படித்த எழுத்தும் மறந்துபோகும்.

அந்த இடத்தில் எழுத்தாளர்களுக்கு ஒரு கடமை வருகிறது. நாம் எழுதுவதெல்லாம் ஏற்கெனவே வாசிக்கிறவர்களுக்கு. புதிதாக வாசிக்கப் பழகினவளுக்குப் பெரிய எழுத்தில் பதினாறு பக்கம் எழுத நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? கதை தேடவும் வேண்டியதில்லை. கிழக்கு முஸ்லிம் பெண்களின் நாட்டார் கவிகளை ஆய்வாளர்கள் திரட்டி அடிக்குறிப்போடு அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றைச் சொல்லித் தந்த பெண்களில் பலருக்கு அந்தப் புத்தகத்தை வாசிக்க முடியாது. அவர்களுக்கு மனப்பாடமான கவியை அவர்கள் முன்னால் பெரிய எழுத்தில் விரித்து வைத்தால், அடுத்த சொல் என்னவென்று நாக்குக்கு முதலே தெரியும்; கண் அதைப் பின்தொடரும். அதற்குப் பிறகு கிளினிக் கார்ட், ஜீ.எஸ். கடிதம், கடன் பத்திரம் என்று ஒவ்வொன்றாக ஏறலாம்.

பாடநூல் திணைக்களம் செய்யட்டும், வலயக் கல்வி அலுவலகம் செய்யட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இவ்விதழின் ஒவ்வொரு இதழோடும் பதினாறு பக்கத்தில் ஓர் இணைப்பு வரட்டும். முதல் இணைப்புக்கு வேண்டிய கவிகளை மாங்கேணி ராத்தாமாரிடமிருந்து கேட்டு எழுதித்தர நான் ஆயத்தம்.