தொண்ணூறு நாள் கடவுச்சொல்

காலையில் அலுவலகக் கணினியின் முன் அமர்ந்ததும், கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டு, கைவசமிருந்த காரியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் கலந்திருக்க வேண்டும், பழையதாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனைகளுக்கெல்லாம் உட்பட்டுப் புதியதொரு சொல்லைச் சிருஷ்டிக்கும் உபத்திரவத்தை அனுபவியாத ஊழியர் இன்று அபூர்வம்.

இவ்விதி காரணமின்றிப் பிறந்ததன்று. நகை களவுபோனால் வெறும் பெட்டி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கடவுச்சொல்லோ களவுபோன பிறகும் உடையவரிடமே இருப்பதால், திருடன் மாதக்கணக்கில் உள்ளே நடமாடினாலும் ஒருவரும் அறியமாட்டார். அறியப்படாத அக்களவுக்கு ஒரு கால எல்லை வகுக்க வேண்டும் என்ற யோசனையில் நியாயம் உண்டு. ஒரே கணக்கைப் பலர் கூடிப் பயன்படுத்தும் இடங்களில் அதன் பிரயோஜனம் இன்னும் தெளிவு.

ஆனால், விதியை வகுத்தவர்கள் இயந்திரத்தின் இயல்பை ஆராய்ந்த அளவுக்கு மனித சுபாவத்தை ஆராயவில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவன், ‘முருகன்@1’ என்பதை ‘முருகன்@2’ ஆக்குகிறான்; அடுத்த முறை அது ‘முருகன்@3’ ஆகிறது. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலாவதியான கடவுச்சொற்களைக் கொண்டு இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பிரமாணம்: பழைய சொல் தெரிந்தால், அடுத்து வந்த சொற்களில் 100-க்கு 41-ஐச் சில விநாடிகளில் கண்டுபிடிக்க முடிந்தது, 100-க்கு 17 கணக்குகளுக்கு ஐந்து யூகங்கள்கூடத் தேவைப்படவில்லை. எந்தத் திருடனை வெளியேற்ற இவ்விதி ஏற்பட்டதோ, அவனுக்கே புதிய சாவியின் வடிவத்தையும் அது சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், இருவர் விசைப்பலகைக்கு அடியிலும் ஒருவர் மேசை நாட்காட்டியின் பின்புறத்திலும் தத்தம் கடவுச்சொற்களை எழுதி வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தும் எண்ணும் குறியும் கலக்க வேண்டுமென்ற வழக்கத்துக்குப் பெரிதும் ஆதாரமாயிருந்தது அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் வகுத்த வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், 2017-இல் அதன் பெரும்பகுதிக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அந்நிறுவனமும் தன் கொள்கையைத் திருத்தி, காரணமின்றி மாற்றச் சொல்லலாகாது, வெளியே கசிந்த சொற்களை ஏற்கலாகாது, நீண்ட சொற்றொடருக்கு இடங்கொடுக்க வேண்டும் என்று கூறிற்று. மைக்ரோசாப்டும் 2019-இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது.

அடிக்கடி மாற்றாமையைவிடப் பெரிய அபாயம், வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஜவுளிக்கடைச் செயலிக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் கடைச் செயலியில் கசிந்த சொல்லை வங்கிக் கணக்கிலும் போட்டுப்பார்ப்பது திருடர்களின் நித்தியத் தொழில். கணக்குக்கொரு நீண்ட சொல்லை நினைவில் வைக்க இயலாத பெரியவர், அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுகூட ஒரே சொல்லை எங்கும் வைப்பதைவிட மேலானது. தூரதேசத்திலிருந்து இணையத்தின் வழியே வரும் திருடனுக்கு அந்த அலமாரி எட்டாது.

ஆகவே, அலுவலகங்களை நிர்வகிப்போர் தேதியைப் பார்த்து மாற்றச் சொல்வதை விடுத்து, களவின் அறிகுறி தோன்றிய அன்றே, ஊழியர் ஒருவர் விலகிய அன்றே மாற்றச் சொல்ல வேண்டும். வாசகர்கள் இன்று மாலையே தங்கள் மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட சொற்றொடர் ஒன்றை வைத்து, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிட வேண்டுகிறேன். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மறந்தால், அதை மாற்றிக்கொள்வதற்கான கடிதம் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கிறது.