தொடக்கக்காரரின் உடல்: யோகாசனக் கையேடுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

யோகம் என்றால் தமிழ்ப் பேச்சில் அதிர்ஷ்டம். ‘அவனுக்கென்னப்பா, யோகக்காரன்’ என்கிறோம். ‘யோகம் அடிச்சிருச்சு’ என்கிறோம். ஜாதகக்காரரிடம் போனால் ராஜயோகம், கஜகேசரி யோகம் என்று அடுக்குவார். காலை நீட்டி மடக்கிச் செய்கிற காரியத்தைச் சொல்ல வேண்டி வந்தால் மட்டும் நம் வாய் ‘யோகா’ என்று நீள்கிறது. இந்த நெடில் வடமொழியிலிருந்து நேரே வந்ததல்ல; ஆங்கில எழுத்தில் ஒருமுறை குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. ஐயாயிரம் வருஷத்து அறுபடாத மரபு என்று மேடையில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல இந்த ஒரு நெடில் போதும். ‘ஓகம்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற தனித்தமிழ் அன்பர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ‘ஆசனம்’ என்றதும் நம் கிராமத்துக் கிழவிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது மூல நோய் வைத்தியர் சொல்கிற ஆசனவாய்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நான் வாசிக்க எடுத்துக்கொண்டிருப்பவை யோகாசனத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான தமிழ்க் கையேடுகள். பேருந்து நிலையக் கடைகளில் சமையல் குறிப்புக்கும் கைரேகை சாஸ்திரத்துக்கும் நடுவே தொங்குகிறவை. இலக்கியப் பத்திரிகைகள் இவற்றைப் பிரதிகளாக மதித்ததில்லை. ஆனால் நம் தோழர்கள் யோகாவைப் பற்றி இரண்டே இரண்டு பதில்களைத்தான் வைத்திருக்கிறார்கள். ‘அது பார்ப்பனச் சரக்கு, தொடாதே’ என்பது ஒன்று. ‘அது வெறும் உடற்பயிற்சி, விஞ்ஞானம், செய்யலாம்’ என்பது மற்றொன்று. இரண்டுமே பிரதியைப் புரட்டிப் பார்க்காமல் சொல்லப்படுகிறவை. நாற்பது வயதைத் தாண்டி முதுகுவலி வந்ததும் முதல் பதிலைச் சொன்ன தோழரும் கதவைச் சாத்திக்கொண்டு புஜங்காசனம் போடுகிறார். கதவைச் சாத்துகிறார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் மொழி. கையேட்டின் வினைமுற்று ‘-வும்’ என்று முடிகிறது. மல்லாந்து படுக்கவும். கால்களை மெதுவாக உயர்த்தவும். மூச்சை உள்ளே இழுக்கவும். தமிழில் இந்த வடிவம் வீட்டுப் பேச்சில் கிடையாது. அரசாங்கச் சுற்றறிக்கையிலும் விண்ணப்பப் படிவத்திலும் ‘வரிசையில் நிற்கவும்’ பலகையிலும் வாழ்கிற வடிவம் இது. சொல்கிறவனும் இல்லை, கேட்கிறவனும் இல்லை. கட்டளை மட்டும் காற்றில் மிதக்கிறது. வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் இப்படிப் பேசுவதில்லை. ‘கால நீட்டுங்க, அவ்வளவுதான், வலிச்சா விட்டுருங்க’ என்பார். அவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். ‘வலித்தால் விட்டுவிடு’ என்கிற அந்த நிபந்தனைதான் தொடக்கக்காரருக்கு உயிர்நாடி. கையேட்டில் அது பின்னால் ஒரு பக்கத்தில் ‘எச்சரிக்கை’ என்று தனியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ரத்தக் கொதிப்பும் கண்ணழுத்த நோயும் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற முக்கியமான செய்தி அந்தக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. முன்பக்க அட்டையில் சிரசாசனம்!

அடுத்து, இந்தக் கட்டளை யாரை நோக்கி மிதக்கிறது? தேவைகளின் பட்டியலைப் படித்தாலே ஆள் தெரிந்துவிடுகிறார். காற்றோட்டமான தனி அறை. விடியற்காலை அமைதி. வெறும் வயிறு; குளித்து முடித்த உடம்பு. விரிப்பு. குறுக்கே யாரும் வரக் கூடாது. இந்த வசதி உள்ள உடம்பு பகல் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்பு. அதன் நோய்கள் நாற்காலியின் நோய்கள்: மலச்சிக்கல், தொந்தி, முதுகு. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து எழுகிற வீட்டில், விடியற்காலையில் குடத்தோடு குழாயடியில் நிற்கிற பெண்ணை இந்த வாக்கியங்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ‘அனைவரும் செய்யலாம்’ என்ற முதல் பக்கத்து வரியில் அந்த ‘அனைவரும்’ யார் என்று இரண்டாம் பக்கத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இந்தத் தொடக்கக்காரர் எப்போது பிறந்தார்? பழைய பிரதிகளில் அவர் இல்லை, சீடன்தான் உண்டு. பதஞ்சலியின் நூற்றுத் தொண்ணூற்றைந்து சொச்சம் சூத்திரங்களில் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்டவை மூன்று. ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களைச் சொல்கிறது, அவற்றில் பெரும்பகுதி உட்கார்ந்து செய்பவை. கேரண்ட சம்ஹிதையில் 32. நின்றுகொண்டு முக்கோணமாக வளைவதும், மூச்சுக்கு ஒரு அசைவாகத் தாவித் தொடர்வதும் பிந்தைய வரவுகள். 1918இல் பம்பாயில் யோகேந்திரா ஒரு நிலையம் தொடங்குகிறார். 1924இல் லோனாவ்லாவில் குவலயானந்தர் ஆசனங்களை எக்ஸ்ரேக்கும் ரத்த அழுத்தக் கருவிக்கும் முன்னால் நிறுத்துகிறார். ஔந்து சமஸ்தானத்து ராஜா 1928இல் சூரிய நமஸ்காரத்துக்குப் புத்தகம் போடுகிறார். அதைத் தம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏற்பாடு செய்கிறார். 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை வருகிறது. அவர் முன்னால் நின்றது மோட்சம் தேடி வந்த சந்நியாசி இல்லை. துறுதுறுவென்று நிற்கிற பள்ளிக்கூடப் பையன்கள். அதே மைசூரில் தேகப் பயிற்சி, குஸ்தி, ஐரோப்பிய டிரில் எல்லாம் நடந்துகொண்டிருந்தன. நார்மன் ஷோமன் 1996இலும் மார்க் சிங்கிள்டன் 2010இலும் எழுதிய புத்தகங்கள் இந்தக் கலப்பை விவரமாகக் காட்டியிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தியா, எல்லாம் வெள்ளைக்காரன் டிரில்லு, போலி’ என்று துள்ளுவது சோம்பேறி வாசிப்பு. மூச்சு, பந்தம், முத்திரை பற்றிய விவரமான பேச்சு பிரதீபிகையில் இருக்கிறது. நம் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தை முழுக்க இதற்கே கொடுத்திருக்கிறது. ‘ஆதனம்’ என்ற அழகான தமிழ் வடிவமும் அங்கே கிடைக்கிறது. புதிதாகச் சேர்த்துக் கட்டப்பட்டது என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. பரதநாட்டியத்தின் கதை நமக்குத் தெரியும். பார்க்க வேண்டியது கட்டியபோது யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதை. ஃபூக்கோ 1975இல் பள்ளிக்கூடத்தையும் படைமுகாமையும் வைத்துப் பணிவுள்ள உடல்கள் உற்பத்தியாகும் விதத்தைச் சொன்னார். அந்தப் பகுப்பாய்வை இங்கே அப்படியே இறக்குமதி செய்தால் ஒன்று தவறிவிடும். இங்கே உடலைப் பழக்கியது பள்ளிக்கூட மணிக்கு வெகுகாலம் முன்னாலேயே சாதி.

ஆசனம் என்றால் இருக்கை. யார் எங்கே எப்படி உட்காரலாம் என்பதுதான் இந்த மண்ணில் முதல் ஆசனப் பாடம். சம்மணம் போட்டுப் பந்தியில் உட்கார உரிமை உள்ளவர், திண்ணையில் காலைத் தொங்கப்போட உரிமை உள்ளவர், களத்துமேட்டில் குந்தியிருந்து கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியவர் என்று உடல்கள் பிரிக்கப்பட்டிருந்தன. இருந்தன என்று இறந்தகாலத்தில் எழுதக் கை கூசுகிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் ஊராட்சித் தலைவி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார், மற்றவர்களுக்கு நாற்காலி. படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு, கைது எல்லாம். ‘தரையில் அமர்வதே இந்தியப் பண்பாடு, நாற்காலி அந்நியம்’ என்று யோகா முன்னுரையில் எழுதுகிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். தரை எல்லாருக்கும் ஒரே தரை இல்லை.

ஒரு இலவச முகாமில் நான் கேட்ட பேச்சு இது. சிறுநகரம் ஒன்றின் கல்யாண மண்டபம். சுற்றுவட்டார வயல்வேலைப் பெண்கள் இருபது பேரை யாரோ அழைத்து வந்திருந்தார்கள். பயிற்றுநர் நல்ல மனிதர். முன்னால் குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். ஒருத்தர் பாக்கியில்லாமல் தொட்டுவிட்டார்கள். மண்டபத்தில் இருந்த வாத்தியார்களுக்கும் பாங்க் ஊழியர்களுக்கும் அது முழங்காலைத் தாண்டவில்லை. பயிற்றுநர் அசந்துபோய், ‘உங்களுக்கு முதுகு அருமையா வளையுது’ என்றார். ஒரு அம்மா சொன்னார்: ‘நாத்து நட நாள் பூரா வளைஞ்சுதானுங்க நிக்கிறோம். நிமிர்றதுக்கு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க.’ எல்லாரும் சிரித்தார்கள். பயிற்றுநரும் சிரித்தார். பிறகு அட்டவணையில் இருந்த அடுத்த ஆசனத்துக்குப் போனார், அதுவும் குனிகிற ஆசனம்.

அந்தக் கேள்வியை அவர் பிடித்துக்கொண்டிருந்தால் நேரே சரியான பதிலுக்குப் போயிருக்கலாம். குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்துகிற புஜங்காசனமும், மல்லாந்து இடுப்பை உயர்த்துகிற சேதுபந்தமும் நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு எதிர்த்திசை. தொடக்கம் என்பது எல்லாருக்கும் ஒரே ஆசனமாக இருக்க முடியாது, அவரவர் வேலை உடம்பை எந்தப் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது என்பதிலிருந்துதான் அது புறப்பட வேண்டும். ஹலாசனம் என்றால் கலப்பை ஆசனம். உழுதவன் உடம்பைக் கேட்காமல் கலப்பையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது வேடிக்கைதான்.

இந்த இடத்தில் வேதாத்திரி மகரிஷியைத் தவிர்க்க முடியாது. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ‘எளியமுறை உடற்பயிற்சி’யின் பகுதிகளைப் பாருங்கள்: கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல். பெரும்பாலும் செய்கிற வேலையே பெயர். குருகுலப் பெருமை பேசாமல், குடும்பஸ்தருக்கும் கிழவருக்கும் கைக்கெட்டுகிற இடத்தில் தொடக்கத்தை வைத்தது ஒரு சாதனை என்றே நினைக்கிறேன். பிராமணரல்லாத சிறுநகர நடுத்தர வர்க்கம், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் அங்கே திரண்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ‘வாழ்க வளமுடன்’ என்று எல்லாரையும் ஒரே மூச்சில் வாழ்த்துகிற மொழியில் சண்டைக்கு இடமில்லை. கூலி ஏன் குறைவு என்ற கேள்வி அங்கே ‘சினம் தவிர்த்தல்’ பாடமாகிவிடுகிறது. தறியில் உட்கார்ந்தவனின் உடலிலிருந்து புறப்பட்ட பயிற்சி, தறியைப் பற்றிப் பேசாமலே உலக சமாதானத்துக்குப் போய்விட்டது.

விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரிஷிகேஷத்தில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சிவானந்தர் பிறந்த ஊர் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அதிலும் பெண்கள். இன்று தொடக்கக்காரர் வாங்க வேண்டிய முதல் பொருளாகச் சொல்லப்படுகிற ஒட்டும் விரிப்போ, 1980களில் ஐரோப்பாவில் தரைவிரிப்பு நழுவாமல் இருக்க அடியில் போடுகிற துண்டிலிருந்து வந்தது. ஒரு பழைய ஜமுக்காளம் போதும் என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்?

அரசு இதற்குள் வந்த விதம் தெரிந்ததே. 2014 டிசம்பரில் ஐ.நா. தீர்மானம், 2015 ஜூன் 21 அன்று தில்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் ஒரே அசைவு. முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு அதில் சூரிய நமஸ்காரம் சேர்க்கப்படவில்லை. ‘பொது நெறிமுறை’யின் தொடக்கத்தில் பிரார்த்தனை இருந்தது. 35,985 முதுகுகளுக்கும் ஒரே கட்டளை என்பது கையேட்டின் ‘-வும்’ ஒலிபெருக்கி ஏறிய வடிவம்.

முரண் என்னவென்றால், இதற்கு நேர் எதிரான முறை ஒரு வைதிக வைணவரிடமிருந்தே வந்தது. 1950களில் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியார், மைசூர்ப் பையன்களுக்கான தாவலை விட்டுவிட்டு, வருகிற ஒவ்வொருவரின் வயது, நோய், தொழில், மூச்சு பார்த்துத் தனித்தனியே சொல்லிக் கொடுக்கலானார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய மந்திரத்தில் அது முறையாகவே நிலைபெற்றது. முடியாதவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தே பயிற்சி உண்டு. ஆசனத்துக்காக ஆள் இல்லை, ஆளுக்காகத்தான் ஆசனம் என்கிற இந்த முறையியல் நமக்கு வேண்டும். அவருடைய ஆசாரம் வேண்டாம். அதே மைசூர்ப் பள்ளியிலிருந்து வந்த பட்டாபி ஜோயிஸ் ‘சரிசெய்கிறேன்’ என்று கைவைத்த விதத்தைப் பற்றி அவருடைய மாணவிகள் பலர் பின்னாளில் பகிரங்கமாகச் சொன்னதையும், 2019இல் அவர் பேரன் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததையும் மறந்துவிடக் கூடாது. ‘வேண்டாம், தொடாதீங்க’ என்று சொல்லத் தொடக்கக்காரருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, முதல் நாளே உரிமை உண்டு என்ற வாக்கியம் நான் பார்த்த ஒரு தமிழ்க் கையேட்டிலும் இல்லை.

ஆளைப் பார்த்துச் சொல்லித் தருவதற்கு நேரமும் காசும் ஆகும் என்பார்கள். ஆகும்தான். தனித்தனியே பார்க்கிற வாத்தியாரிடம் கட்டணம் கட்ட முடிந்தவர் போகிறார். முடியாதவருக்கு மைதானமும் ஒலிபெருக்கியும். நம் சங்கங்கள், மாதர் அமைப்புகள், வாசகர் வட்டங்கள் இதைக் கையில் எடுத்தால் முதலில் மாற்ற வேண்டியது வகுப்பு நேரத்தை. காலை ஆறு மணி வயல்வேலைக்காரிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் வேலை தொடங்கிவிட்ட நேரம். சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால், மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் போதும்.