டு லெட்

செழியனின் 'டு லெட்' படத்தில் பின்னணி இசை கிடையாது. வீட்டுச் சத்தங்கள்தான். 2007 சென்னையில் சினிமாவை நம்பியிருக்கும் ஒருத்தன், மனைவி, சின்னப் பையன். முப்பது நாளில் வீட்டைக் காலி பண்ணணும். ஜாதி, சாப்பாடு, உத்தியோகம் கேட்டுவிட்டுத்தான் கதவே திறக்கிறார்கள். பிரமாதம். வீட்டுக்கார அம்மாவைத்தான் கொஞ்சம் அதிகமாகக் கத்தவிட்டுவிட்டார். வாடகையை நம்பியே அடுப்பெரிகிற வீட்டுக்கார அம்மாக்களும் உண்டு.

வாடகை ஏறினதுக்கு ஐ.டி. சம்பளம் காரணம் என்கிறது படம். பாதிதான் சரி. கதையைக் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ மாற்றிப் பாருங்கள். அங்கே ஐ.டி. கூட்டம் இல்லை. கலெக்டர் ஆபீஸ் இருக்கிற மஞ்சக்குப்பத்திலும், யுனிவர்சிட்டியை ஒட்டின அண்ணாமலை நகரிலும் அரசுச் சம்பளம்தான் ஐ.டி. அதே தெரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறவருக்கு மாசம் 12,000 ரூபாய், வாடகை 4,000 என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு போச்சு. 60,000 வாங்கும் சென்னைக்காரர் 15,000 கொடுத்தாலும் கால் பங்குதான். 'சின்ன ஊர், சல்லிசு' என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. செழியனும் போடவில்லை.

படம் தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி 21. மறுநாளே தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் அமலானது, தற்செயலாக. 1960 சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று உண்டு: குடியிருப்புக்கு, நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவிகிதம். கோர்ட்டில் கேட்கலாம். புதுசில் அது போய்விட்டது. பேசி எழுதிக்கொண்டதுதான் வாடகை. அட்வான்ஸ் மூன்று மாசத்துக்கு மேல் கூடாதாம், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும்.