விசிலும் அணியும் ஒரே கையில்: பள்ளி விளையாட்டில் பயிற்றுநரே நடுவராகும் முறை

தமிழ்நாட்டின் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம் வழியாக மாநில அளவுக்கு ஏறிச் செல்பவை; பாரதியார் தினம், குடியரசு தினம் ஆகியவற்றின் பெயரால் 14, 17, 19 வயதுக்குட்பட்டோருக்கு ஆண்டுதோறும் நடப்பவை. இவற்றின் அடித்தளமான குறுவட்டப் போட்டிகளில், அணியைப் பழக்கி அழைத்து வரும் உடற்கல்வி ஆசிரியர்களே பெரும்பாலும் நடுவர்களாகவும் நிற்கிறார்கள். காலையில் தன் பள்ளியின் கபடி அணிக்காக ஆடுகளத்தின் ஓரத்தில் தொண்டை கிழியக் கத்தியவர், மதியம் வாலிபால் வலையருகே நடுவர் மேடையில் ஏறி நிற்பது அங்கே எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. இந்த இரட்டைப் பொறுப்பு அமைப்பின் விபத்தாக நேர்ந்ததா, அதன் அடிப்படையிலேயே இருப்பதா என்பதைப் பார்த்த பிறகே அதன் நிறைகுறைகளை எடைபோட முடியும்.

அடிப்படையிலேயே இருக்கிறது என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி உருவாக்கிய ஆசிரியர், ஆட்டத்தைக் கற்பித்தல், களத்தை அளந்து கோடு போடுதல், போட்டியை நடத்துதல், தீர்ப்புச் சொல்லுதல் ஆகிய அனைத்தையும் ஒருவரே செய்யக்கூடியவராக இருந்தார். உடற்கல்விப் பட்டப் படிப்புகளில் நடுவர் பணியும் பயிற்றுவித்தலும் இன்றும் அருகருகே வைத்தே கற்பிக்கப்படுகின்றன. தனி நடுவரைப் பணம் கொடுத்து அழைக்கக் குறுவட்டங்களிடம் நிதி இல்லாத நிலையில், பணிநேரத்திலேயே வந்து விதிகளை அறிந்து நிற்கும் ஒருவர் கிடைப்பது சிறிய வசதியன்று. ஆண்டு முழுவதும் சிறுவர்களோடு பழகுபவருக்கு, பதினான்கு வயதுப் பையன் கோட்டைத் தாண்டியது தந்திரத்தாலா, தடுமாற்றத்தாலா என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். வெளியிலிருந்து வரும் தொழில்முறை நடுவரிடம் இந்தக் கண் எளிதில் வாய்க்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தன் பள்ளி ஆடும் ஆட்டத்துக்குத் தானே நடுவராக நிற்பதில்லை என்னும் வழக்கம் பொதுவாகக் காக்கப்படுகிறது. அத்துடன் நேர்மை உறுதியாகிவிட்டதாகவே அமைப்பாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஒருவர் தீர்ப்பளிக்க வேண்டிய பொருளில் அவருக்கே லாபநட்டம் இருக்கும் நிலை, அதாவது நலமுரண், இந்த வழக்கத்தால் நீங்குவதில்லை. குறுவட்டப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட் முறையில், தோற்ற அணி அத்துடன் வீடு திரும்பும் வகையில் நடப்பது. ஆகவே இரண்டு அயல் பள்ளிகள் மோதும் அரையிறுதிக்கு நடுவராக நிற்பவரின் அணி ஏற்கெனவே இறுதிக்குள் நுழைந்திருந்தால், அவர் கையில் இருப்பது தன் அணியின் அடுத்த எதிரி யார் என்னும் முடிவு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இரண்டில் எளிய அணி வென்றால் நல்லது என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும். லீக் முறையில் ஒரு தவறான தீர்ப்பு மற்ற ஆட்டங்களின் புள்ளிகளில் கரைந்துபோகலாம். நாக்-அவுட்டில் அதற்கு வழியே இல்லை.

இந்தச் சாய்வு எங்கே நுழைகிறது என்பதற்குக் கபடியின் போனஸ் கோடு சரியான எடுத்துக்காட்டு. எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருக்கையில், ரெய்டர் முன்காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் முழுமையாக ஊன்ற, அந்தக் கணத்தில் பின்கால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தால்தான் புள்ளி. பின்கால் விரல்கள் மண்ணை உரசிக்கொண்டிருந்தனவா என்பதைப் பக்கக் கோட்டருகே நிற்கும் நடுவர் கண் இமைக்கும் நேரத்தில் முடிவுசெய்தாக வேண்டும். புழுதி கிளம்பும் மண் தளத்தில், மறுபடி போட்டுப் பார்க்க ஒளிப்பதிவு இல்லாத நிலையில், இந்தத் தீர்ப்பைத் தவறென்று நிறுவவும் முடியாது, சரியென்று மெய்ப்பிக்கவும் முடியாது. வெளிப்படையான அநீதியைக் கூட்டமே கூச்சலிட்டுத் தடுத்துவிடும். சாய்வு குடிகொள்வதெல்லாம் இத்தகைய ஐயத்துக்குரிய கணங்களில்தான். ஐந்து புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஓர் ஆட்டத்தில் இப்படிப்பட்ட கணங்கள் ஐந்துக்கு மேல் இருக்கக்கூடும்.

இம்முறையை ஆதரிப்போர் முன்வைக்கும் வலுவான வாதம் ஒன்றுண்டு. இன்று நடுவராக இருப்பவர் நாளை பயிற்றுநராக, இன்றைய பயிற்றுநரின் விசிலுக்கு முன் நிற்கப் போகிறவர். ஆகவே ஒருவரையொருவர் அஞ்சியாவது எல்லோரும் வரம்புக்குள் நிற்பார்கள் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. அப்பட்டமான ஓரவஞ்சனை செய்தவர் அடுத்த வாரமே அதன் விலையைக் கொடுக்க நேரும் என்பதால், பெரிய தவறுகள் இம்முறையில் குறைவே. ஆனால் அதே பரஸ்பரத் தொடர்புதான் சிறிய சலுகைகளுக்கும் வழி திறக்கிறது. ஒரே கல்லூரியில் படித்த மூத்தவரும் இளையவரும், சங்கக் கூட்டங்களில் அருகருகே அமர்பவர்களும், ஒரே மாவட்டத்துக்குள் மாறுதல் எதிர்பார்ப்பவர்களும் ஒருவர்க்கொருவர் தீர்ப்பளிக்கும்போது, “சார், கொஞ்சம் பார்த்துக்குங்க” என்ற ஒரு சொல் கையூட்டும் இல்லாமல் மிரட்டலும் இல்லாமல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. வாலிபால் விதிப்படி நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை களத்தில் இருக்கும் அணித்தலைவருக்கே உண்டு, பயிற்றுநருக்கு இல்லை. குறுவட்டத்தில் இந்த விதி ஏட்டோடு நின்றுவிடுகிறது. பயிற்றுநர் எழுந்து மேடை வரை நடந்து போய்த் தம் சக ஆசிரியரிடம் பேசுகிறார். பதினைந்து வயது அணித்தலைவர் இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாணவர் விதியைக் கற்க வேண்டிய இடத்தில் உறவின் செல்வாக்கைக் கற்கிறார் என்பதே இம்முறையின் ஆகப் பெரிய குறை. தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு புள்ளி இதன் முன் அற்பம்.

இப்போட்டிகளில் கிடைக்கும் சான்றிதழ்களின் மதிப்பு கூடக் கூட இந்தக் குறை கனத்துப் போகிறது. தமிழ்நாட்டு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. அவற்றுக்குத் தகுதி தருபவை மாநில, தேசிய அளவிலான வெற்றிகள் என்றாலும், அந்த ஏணியின் முதல் படி குறுவட்டம். அங்கே தடுக்கப்பட்டவருக்கு அந்த ஆண்டு ஏணியே இல்லை. மிகுந்த பயனுள்ள ஒன்றைத் தீர்மானிக்கும் அமைப்பு, பயன் ஏதும் இல்லாத காலத்து நல்லெண்ணத்தின் மீதே இன்னும் சாய்ந்திருக்கிறது.

இதற்கு மாற்றுத் தேடினால், ஆட்டத்தின் விதியே நடுவரின் நிலைக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொண்ட சான்றுகள் உள்ளன. ஊர்த் திடல்களில் ஆடப்படும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில், மட்டை பிடிக்கும் அணியின் ஆட்களே நடுவராக நிற்பது வழக்கம். அந்த ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ. முறை பெரும்பாலும் கிடையாது. பந்து விக்கெட்டில் பட்டிருக்குமா என்னும் ஊகத்தை, அணிச் சார்புள்ள ஒருவரின் வாயிலிருந்து எதிரணி ஏற்காது என்று தெரிந்ததால், சண்டைக்கு இடமான அந்த விதியையே ஆட்டக்காரர்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள். சட்டப் புத்தகம் அறியாத இளைஞர்கள் செய்த இந்தச் சீர்திருத்தம் பல விளையாட்டுச் சங்கங்களின் ஒழுங்குநெறிக் கையேடுகளைவிட அறிவார்ந்தது. தடகளத்தில் நிறுத்துக்கடிகாரத்தைக் கையால் அழுத்தி நேரம் கணிக்கும் முறை இன்னொரு வழியைக் காட்டுகிறது. ஓர் ஓட்டக்காரருக்கு மூவர் நேரம் கணிக்க, இருவர் கணிப்பு ஒத்தால் அதுவும், மூன்றும் வேறுபட்டால் நடுவில் விழுவதும் அதிகாரபூர்வ நேரமாகின்றன. மூவரில் ஒருவர் தம் பள்ளி மாணவருக்காகக் கட்டைவிரலை முந்தி அழுத்தினாலும் அவர் தனியாக முடிவை இழுத்துச் செல்ல முடியாது. நடுவரின் மனத்தைத் திருத்த முயலாமலேயே அவருடைய சாய்வை வலுவிழக்கச் செய்யும் ஏற்பாடு இது.

வெளியாட்களைக் கொண்டுவருவதே தீர்வு என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பன்னாட்டுக் கிரிக்கெட் அந்த வழியில்தான் சென்றது: டெஸ்ட் ஆட்டங்களில் 1994 முதல் ஒரு நடுவரும், 2002 முதல் இருவரும் ஆடும் இரு நாடுகளையும் சாராதவர்களாக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2020இல் பெருந்தொற்றால் பயணம் தடைப்பட்டு உள்நாட்டு நடுவர்கள் மீண்டும் நின்றபோது, ஒவ்வோர் அணிக்கும் இன்னிங்ஸுக்குக் கூடுதலாக ஒரு மறுபரிசீலனை வாய்ப்பு தரப்பட்டது. நடுநிலையான ஆள் கிடைக்காதபோது முறையீட்டு வழியை அகலமாக்க வேண்டும் என்ற அந்தத் தர்க்கம் குறுவட்டத்துக்கும் பொருந்தும். பணம் மட்டும் பொருந்தாது. உடற்கல்விக் கல்லூரி மாணவர்களை அழைக்கலாம் என்ற யோசனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: நாளை தம் சங்கத்தின் மூத்தவர்களாகப் போகிறவர்களை எதிர்த்துக் கொடி தூக்க இருபது வயது மாணவருக்குத் துணிவு வருவது அரிது. பக்கத்துக் குறுவட்டத்தோடு நடுவர்களை மாற்றிக்கொள்வது ஒப்பீட்டளவில் மலிவு. நிற்கும் நடுவரின் அணி அந்தப் போட்டியிலேயே இருக்காது என்பதால், அடுத்த எதிரியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அதனால் ஒழிகிறது. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூடுதல் பணி அனுமதியும் இதற்குப் போதும்.

எந்தச் சீர்திருத்தமும் எளிதில் எட்டாத ஒரு தரப்பு எஞ்சுகிறது. உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லாத பள்ளிகள் பல. அவற்றின் அணியை அழைத்து வருபவர் கணிதமோ வரலாறோ கற்பிக்கும் ஆசிரியராக இருப்பார். அவருக்கு விதிகள் அரைகுறையாகத் தெரியும், நடுவர்களில் ஒருவரையும் தெரியாது, அடுத்த வாரம் விசில் பிடித்துக் கணக்கைத் தீர்க்கும் வாய்ப்பும் கிடையாது. பரஸ்பர அச்சம் எல்லோரையும் வரம்பில் நிறுத்தும் என்ற வாதம் இவர் முன் செல்லாக்காசாகிறது. ஐயத்துக்குரிய தீர்ப்புகளை யாருக்கு எதிராகத் தள்ளினால் பின்விளைவு இல்லை என்பதற்கு இந்த அணிதான் விடை. இவருக்கு உதவக்கூடியது புதிதாக எதுவும் இல்லை, ஏற்கெனவே வாலிபால் விதியில் இருக்கும் ஒன்றுதான்: ஆட்டத்தின்போதே தன் மறுப்பைத் தெரிவித்த அணித்தலைவர், ஆட்டம் முடிந்ததும் புள்ளித்தாளில் அதை எழுதிவைக்கலாம். அப்படியொரு பகுதி அந்தத் தாளில் அச்சாகியிருக்கிறது என்பதை ஆட்டம் தொடங்குமுன் அந்த மாணவருக்கும் அவரை அழைத்து வந்த ஆசிரியருக்கும் காட்டுவது, அன்றைக்கு மேடையேறப் போகிற நடுவரின் கடமை.